கொடுக்கு கட்டிய போர் நண்டு

விதி பதினான்கு தெளிவாகவே இருக்கிறது: "மேசைமேல் இறக்கப்படும் உருவத்தில் எந்த ஆயுதம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதை அந்த உருவம் பயன்படுத்தலாம்." உட்பிரிவு இல்லை, விலக்கு இல்லை. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான விதியை நான் அரசாணைகளில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அது எனக்கு உதவவில்லை.

எந்த விளையாட்டின் விதி என்று சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவே மந்திரவாதிகளும் இயந்திரங்களும் மோதிக்கொள்ளும் போர் விளையாட்டு. சின்னச் சின்ன பிளாஸ்டிக் உருவங்களை நாமே ஒட்டி, வண்ணம் பூசி, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும். மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் இருந்தது. விதிப்புத்தகம் இருநூறு பக்கம். இந்தப் பக்கத்தில் அதை அட்டை முதல் அட்டை வரை படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்று, பொன்னேரியில் தனியாக இருக்கும் நண்பர். மூன்று ஆண்டுகளாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவர் வீட்டில் ஆடுகிறோம். நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

பொங்கல் முடிந்த கையோடு அவர் ஒரு செய்தி சொன்னார். மாசிக் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு மகளோடு போய்விடப் போகிறாராம். அவர் போய்விட்டால் நான் யாரோடு ஆடுவது? அந்தக் கவலையை வெளியில் காட்டிக்கொள்ளாமல், போவதற்குள் அவரை ஒருமுறை தோற்கடித்தாக வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். அவன் அனுப்பியதுதான் நண்டு.

நண்டு என்றால் நடக்கும் கோட்டை. எட்டுக் கால், முதுகில் பீரங்கி வரிசை, நடுவில் ஒரு கூண்டு, அதற்குள் நண்டை ஓட்டும் மந்திரவாதி. முன்னால் இரண்டு கொடுக்குகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையளவு. பிளாஸ்டிக் சட்டங்களோடு ஒட்டி வந்த துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி, அரம் போட்டு, எண் வாரியாக அடுக்கியதில் சாப்பாட்டு மேசை போயிற்று. என் மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக்குக் காலையில் நண்டு கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. இடுப்பளவு ஏரித் தண்ணீரில், ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவியே இறாலும் நண்டும் பிடிப்பவள். பெட்டியின் மேல் அட்டையைப் பார்த்தாள். அதில் நண்டு ரத்தச் சிவப்பில் இருந்தது.

"இன்னா சார், வேக வச்சிட்டானுங்களா?"

இது போர் இயந்திரம் என்றேன்.

"வெந்தாதான் சார் நண்டு செவப்பாவும். சண்டைக்குப் போறது எப்டி வெந்துக்கினு போவும்?"

விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஓவியர்கள் யாருக்கும் தோன்றாத ஆட்சேபணை. ஏற்றுக்கொண்டேன். சேற்று நண்டின் கரும்பச்சை என்று முடிவாயிற்று.

சிக்கல் வலது கொடுக்கில் வந்தது. பாரம் தாங்காமல், பசை இறுகுவதற்குள் சரிந்துகொண்டே இருந்தது. பிடித்துப் பிடித்து விரல்தான் ஒட்டிக்கொண்டது. மறுநாள் இதைப் பார்த்த நண்டுக்காரம்மா, "கொஞ்சம் நவுரு சார்" என்று பறியை இறக்கி வைத்தாள். அதிலிருந்து ஒரு கயிற்றை உருவி, கொடுக்கை மடக்கி, ஓட்டுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். உயிருள்ள நண்டுக்குப் போடும் அதே கட்டு. பிறகு கொடுக்கு அசையவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அடிப்பூச்சு அடித்தேன். அதன்மேல் கரும்பச்சை, இடுக்குகளில் நீர்த்த கறுப்பு. தூரிகையைத் துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் மெல்லத் தடவியபோது கயிற்றின் ஒவ்வொரு புரியும் எழுந்து நின்றது. அந்த இடம் மட்டும் தத்ரூபமாக வந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கட்டை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பழவேற்காட்டில் கட்டாத நண்டு வீட்டுக்குள் வருவதில்லை.

தெர்மோகோல் மீன்பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தி, பொன்னேரி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். நண்டு என்றேன். ஐஸ் போட்டீங்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்று பகடை என் பக்கம் இருந்தது. நான்காம் சுற்றில் நண்டு அவருடைய தளபதியின் எதிரே போய் நின்றது. வலது கொடுக்கால் தாக்குகிறேன் என்று அறிவித்தேன். அடி விழுந்தால் ஆட்டம் என்னுடையது. நண்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"சார், இது கட்டியிருக்கு."

விதி பதினான்கைச் சொன்னேன். கொடுக்கு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா?

"தெரியுது. கயிறும் தெரியுது. கட்டின நண்டு கடிக்கும்னா உங்க ஊர்ல ஒருத்தனுக்கும் விரல் இருக்காது சார்."

அரை மணி நேரம் வாதாடினோம். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. நிறுவனத்துக்கே எழுதித் தெளிவுரை கேட்பது, அதுவரை யாரும் எதையும் நகர்த்தக் கூடாது என்று முடிவாயிற்று. மேசைமேல் கொசுவலையைப் போட்டு மூடினார். அவர் வீட்டிலும் சாப்பாடு தரைக்கு வந்தது.

நண்டுக்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "கட்டாத நண்ட எவன் சார் மேசைல வைப்பான்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மாசிக் கடைசி வந்தது. நண்பரின் மகள் போன் செய்தபோது நான் அங்கேதான் இருந்தேன். நிலுவையில் ஒன்றை வைத்துவிட்டு எந்த ஊருக்கும் மாற்றலாகிப் போன பழக்கம் தனக்கு இல்லை என்றார் அவர். பதில் வந்ததும் புறப்படுவதாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது: பதில் வராதவரை அவர் போகமாட்டார். இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்புகளை நகர்த்தத் தெரிந்தவனுக்கு அவற்றை நகராமல் வைக்கவும் தெரியும். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது. நான் தபாலில் எழுதியிருந்தேன். பொருள் என்ற இடத்தில் ஒன்றுக்கு இரண்டு பொருள், மூன்று இணைப்புகள், அவற்றில் ஒன்று கயிற்றின் வரைபடம். அதன்பிறகு, முதல் நினைவூட்டலை உதிரிபாகப் பிரிவுக்கும் இரண்டாவதை வண்ணப் பிரிவுக்கும் அனுப்பினேன். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. ஞாயிறு தவறாமல் பொன்னேரி போய், வலையைத் தூக்கிப் பார்த்து, காபி குடித்து, பழைய ஆட்டங்களைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

பதில் வந்தே விட்டது. இரண்டே வரி. கேள்வி சுவையாக இருந்ததாம். இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் பகடை போட வேண்டும். கடிதத்தைப் பரணில் போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தபாலை ஒளித்த பழி என் பணிப்பதிவேட்டில் இல்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

நண்பர் இரண்டு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து இல்லையே சார்."

ஆமாம், இல்லை.

"நம்ம கடித எண்ணும் குறிக்கல. யார் எந்த அதிகாரத்துல எழுதினாங்கன்னே தெரியல. இத எப்படி ஏத்துக்கிறது? குறை சொல்லித் திருப்பி அனுப்புங்க."

சொல்லிவிட்டு, கொசுவலையின் ஓரத்தை மேசைக்கடியில் ஒழுங்காகச் செருகினார். காபி போட உள்ளே போனார். நான் பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மூலையில், பெறப்பட்டது, ஜூலை ஒன்பது என்று எழுதினேன்.