பொட்டு வைத்த சீடி

பிள்ளைகளே, போன கிழமை காரைத் துப்புரவாக்கும்போது முன்பெட்டிக்குள் கிடந்த ஒரு சீடியைத் தூக்கிக் காட்டி, "அப்பா, மஞ்சள் பிடிச்சுக் கிடக்கு, எறியட்டோ?" என்று கேட்டீர்கள். நான் பறித்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள்.

அந்த நாளில் உங்கள் அம்மாவுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. பஸ் நிலையத்தில் நிற்கும்போதே மணந்து பார்க்கக் கையில் தேசிக்காய், மடியில் சொப்பிங் பை. மட்டக்களப்பில் உங்கள் பெரிய மாமாவின் கலியாணத்துக்குப் போனோம். வழி முழுக்கச் சத்தி எடுத்து, போன உடனே ஓர் அறையில் சுருண்டு படுத்துவிட்டார். கெட்டிமேளத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டார். அந்தக் கலியாண அல்பத்தில் அம்மா இல்லை. ஒரு படத்தில் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒரு கால் தெரியும். அது தன்னுடைய கால் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

பிறகு சின்னம்மாவின் கலியாணம் வந்தது. அதுவும் மட்டக்களப்பில்தான். எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. விடியப் புறப்பட்டு, பதினொரு மணி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா சொன்னார்:

"இந்த முறை தங்கச்சிக்குத் தாலி கட்டுறதை நான் கண்ணால பாக்கோணும். கதவுக்குப் பின்னால படுக்க என்னால ஏலாது."

மருந்தை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். ஒருமுறை இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது டிரைவர் பழைய பாட்டுகளைச் சத்தமாகப் போட்டார். அம்மா கூடவே பாடிக்கொண்டு வந்தார். எங்கள் ரவுண் பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோதுதான் இரண்டு பேரும் சொப்பிங் பையைப் பார்த்தோம். அது மடித்தது மடித்தபடியே இருந்தது. வாய் பாட்டில் இருந்தால் வயிறு பேசாமல் இருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்போதுதான் இந்தக் காரை வாங்கியிருந்தோம். யப்பானில் இருந்து வந்த பழைய கார். அதன் றேடியோவில் எங்கள் ஊர் நிலையம் ஒன்றும் பிடிக்காது, இரைச்சல்தான் வரும். என்னிடம் இருந்தது பொத்தான் போன், அதில் பாட்டு வராது. ஆனால் அந்த றேடியோ செட்டில் சீடி போடுகிற வாய் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவனுக்கு ஒரு சீடி பெரிய விசயமா என்று நினைத்தேன்.

ரவுணில் போட்டோக்கொப்பி எடுக்கிற ஒரு கடையில் சீடியும் பதிந்து கொடுப்பார்கள். கடைக்காரர் கிண்ணியா ஆள், நானா என்று கூப்பிடுவோம். நூற்றைம்பது பாட்டு வேண்டும் என்றேன். மறுகதை இல்லாமல் பதிந்து தந்தார். கொண்டுபோய்ப் போட்டால் செட் ஒரு நிமிடம் உறுமிவிட்டு வெளியே துப்பியது. திரும்பப் போட்டேன். திரும்பத் துப்பியது. வேப்பெண்ணெய் குடிக்கக் கொடுத்த பிள்ளை மாதிரி.

காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோனேன். நானா வந்து செட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது கிழவன். கம்பியூட்டர்ல வைக்கிற மாதிரி வச்சா இவருக்கு வாசிக்கத் தெரியாது. பழைய முறையில, பாட்டுச் சீடியா எழுதணும். எம்பது நிமிசம். பதினாறு பாட்டு போகும்."

"நூற்றைம்பதில இருந்து பதினாறோ? கொஞ்சம் அமத்தி, நெருக்கிப் பாருங்கோ நானா."

"இது என்ன கிண்ணியா பஸ்ஸா, மிதிபலகையில தொங்கவிட?"

பதினாறையும் அம்மாவே ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். அடியிலிருந்து நுனிவரை சொல் தெரிந்த பாட்டுகள் மட்டும். முணுமுணுத்தால் சரிவராது, வாய் திறந்து பாட வேண்டும். நானா ஆறுதலாகப் பதிந்தார். அவசரப்பட்டு எழுதினால் கிழவனுக்கு விளங்காதாம். இனி எழுத ஒன்றுமில்லை என்று கடைசியில் சீடியை மூடி முடிக்காவிட்டால் செட் எடுக்காதாம். கையில் தரும்போது ஒரு புத்தியும் சொன்னார்: "மினுங்கிற பக்கத்தில மட்டும் கை படக்கூடாது தம்பி."

அன்று பின்னேரமே காருக்குள் இருந்து பதினாறு பாட்டையும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் பிசகில்லை. எஞ்சின் திருத்தி முடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

கலியாண நாள் விடிய, பிள்ளையார் கோயிலடியில் காரை நிறுத்தி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, தேங்காய் அடித்தோம். முதல் தூரப் பயணம் அல்லவா. சந்தனமும் குங்குமமும் குழைத்து, முன்மூடிக்கு, ஸ்டியரிங்குக்கு, செட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அப்போதுதான் சீடி நினைவுக்கு வந்தது. இன்றைய பயணமே அதை நம்பித்தானே, அதை மட்டும் வெறும் நெற்றியோடு விடுவதா? பெயர் எழுதிய பக்கம் முதுகு மாதிரி இருந்தது. மினுங்குகிற பக்கம்தான் முகம் என்று எனக்குப் பட்டது. கை படக்கூடாது என்று நானா சொன்னது நன்றாக நினைவிருந்தது. அதனால் கை படாமல், ஈர்க்கு நுனியால் தொட்டு, சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். கை படக்கூடாது என்றுதானே சொன்னார். பொட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சீனக்குடா தாண்டும்போது அம்மா பாடியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நீங்களும் பின்சீட்டில் இருந்தீர்கள், ஆனால் நித்திரை. கிண்ணியாப் பாலத்தில் ஏழாவது பாட்டு. இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் எட்டாவது. அதில் 'ஏன்' என்று ஒரு சொல் வரும். அந்த இடத்தில் செட் நின்றுகொண்டது. ஏன், ஏன், ஏன், ஏன் என்று விடாமல் கேட்டது. அம்மாவும் சேர்ந்து ஏழெட்டு ஏன் பாடிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது என்ன ஏன்?"

அடுத்த பாட்டுக்கு மாற்றினேன். அதுவும் விக்கியது. அம்மா வாயை மூடினார். முகம் வெளிறியது. கை சொப்பிங் பையைத் தேடியது.

மர நிழலில் காரை நிறுத்தி சீடியை வெளியே எடுத்தேன். பொட்டு அப்படியே ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்தது, சுற்றிய சுற்றில் ஒரு வாலும் முளைத்திருந்தது.

"ஆர் இதுக்குப் பொட்டு வச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

செட் கேட்ட அதே கேள்விதான். போத்தல் தண்ணீரை ஊற்றி வேட்டித் தலைப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். சந்தனம் சீடி முழுக்கப் பரவி மஞ்சள் நிலா மாதிரி ஆனது. செட் அதை வாங்கவே மறுத்துவிட்டது.

இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் றோட்டுக் கிடந்தது. அம்மா கண்ணை மூடி, தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு, "நான் திரும்பவும் அந்த அறைக்குள்ளதான் கிடக்கப்போறன்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு நானே எட்டாவது பாட்டைத் தொடங்கினேன்.

அன்றைக்குப் பிறகு வீட்டில் நான் பாடி நீங்கள் கேட்டதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

உங்களில் சின்னவன் நித்திரையால் எழும்பி, "அக்கா, அப்பா அழுறாரோ?" என்று கேட்டான்.

"இல்லையடா, பாடுறார்" என்றாள் அக்கா.

இரண்டாவது வரியிலேயே அம்மா கண்ணைத் திறந்தார். "அந்த இடத்தில மேல போகோணும்."

"எங்க மேல?"

"மேல எண்டால் மேலதான். நீங்கள் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத மாதிரியெல்லோ இழுக்கிறீங்கள்!"

"அப்ப நீர் பாடிக் காட்டும்."

பாடிக் காட்டினார். நான் பிழையாகத் திருப்பிப் பாடினேன். திரும்பவும் காட்டினார். அடுத்த பாட்டில் சொல்லே மாறிவிட்டது என்று பேச்சு விழுந்தது. வெருகலில் தாளம் பிழை. வாகரையில், கடல் தெரிகிற இடத்தில், இப்படியொரு மனிசனைக் கட்டினேனே என்று ஏசினார். சத்தி எடுக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. பாதி வழிக்குமேல் எனக்குச் சில இடங்கள் பிடிபட்டுவிட்டன. ஆனால் சரியாகப் பாடியபோது திருத்த ஒன்றும் இல்லாமல் அவர் தேசிக்காயை மூக்குக்குக் கொண்டுபோனார். அதனால் பிழையை விடாமல் காப்பாற்றினேன்.

தாலி கட்டும்போது அம்மா முன்வரிசையில் நின்றார். சின்னம்மாவின் அல்பத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் இருக்கிறார். ஒன்றில் மாப்பிள்ளையையே மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

பந்திக்கு எல்லோரும் போனபின் நான் காருக்கு வந்தேன். பின்னேரம் அதே றோட்டால் திரும்ப வேண்டும். கண்ணாடிகளை மேலே ஏற்றி, அம்மா எழுதித் தந்த துண்டை ஸ்டியரிங்கில் வைத்தேன். பிழை விடுவதற்கும் முதலில் சரி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. வேர்த்து ஒழுக ஒழுக, எட்டாவது பாட்டின் அந்த மேலே போகிற இடத்தை, மேலே போகும்வரை திரும்பத் திரும்பப் பாடினேன்.