பிழையே இல்லாத கட்டுரை

மகள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால், அதையே திருத்திப் பக்கம் முழுக்க எழுத வைப்பேன். மெல்ல மெல்லப் பிழைகள் நின்றுபோயின. வட்டகொடைத் தோட்டத்தில் என்னோடு தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன்.

ஒருநாள் ‘என் அம்மா’ என்று அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்தேன். அம்மா நல்லவர், அம்மா சமைப்பார். அவ்வளவுதான்.

“மலை, பனி, கூடை ஒண்ணையும் காணோமே?” என்றேன்.

“அதுக்கெல்லாம் ஸ்பெல்லிங் தெரியாதும்மா. தப்பா எழுதுனா நீங்க பக்கம் பக்கமா எழுதச் சொல்வீங்க. அதான் தெரிஞ்சத மட்டும் எழுதினேன்.”

பிழை திருத்துவதாக நினைத்து, அவள் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

இப்போது முதலில் அவளை எழுதி முடிக்க விடுகிறேன். பிறகு பிழையான ஓரிரு சொற்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

நேற்றைய கட்டுரையில் நிறையப் பிழைகள். ஆனால் அதில், பனியில் நனைந்தபடி, முதுகில் கூடையோடு, நான் இருந்தேன்.