வெள்ளிக்கிழமை செலவில்லை

இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அக்காவுக்கு நான் ஒரே தங்கை. அவர் போய் ஓராண்டு ஆகிறது. நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எழுத நல்லது நிறையவே இருக்கிறது. அத்தனை நல்லது இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

போளூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். பள்ளியில் கணக்கில் கெட்டி. மேலே படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மாமாவோடு பட்டுத் தறியில் உட்கார்ந்தார். அவர்களுக்கு ஒரே மகள். அவளை நர்சிங் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கட்டணத்தைச் சேர்க்க அவர் செய்யாத வித்தை இல்லை. சேமிப்பைப் பற்றி யார் வீடியோ போட்டாலும் போனில் கேட்பார். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் பங்கு பிரித்துவிடுங்கள் என்றார் ஒரு கோட்டுக்காரர்.

"அவுருக்கு ஒண்ணாந்தேதி வருது. நமக்குப் பொடவ அறுத்தாத்தான கூலி?" என்று அக்கா சிரித்தார்.

சிரித்தாரே தவிர விடவில்லை. மாதத்தைத் தள்ளிவிட்டுப் புடவையைக் கணக்காக எடுத்துக்கொண்டார். தறியிலிருந்து ஒரு புடவையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கியதும், வீட்டில் மீந்து கிடந்த மொய் கவர்களில் பிரித்துப் போடுவார். அரிசிக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று, மகள் படிப்புக்கு ஒன்று. பார்க்கவே எனக்குப் பெருமையாக இருக்கும்.

மழைக்காலத்தில் முதலாளி, சரக்கு தேங்கிக் கிடக்கிறது, இப்போதைக்கு அடுத்த பாவு கிடையாது என்றுவிட்டார். பாவு இல்லையென்றால் நெய்ய நூல் இல்லை, தறி சும்மா நிற்கும். அரிசிக் கவர் காலியானது. அப்புறம் அரிசிக்காக வைத்தியக் கவரும், மற்றவையும் காலியாயின. அடுத்து நகைக்கடைச் சீட்டில் சேர்ந்தார். அதிலும் நடுவில் தவணை கட்ட முடியவில்லை. பிறகு போனில் ஒரு செயலி. வரவைவிடச் செலவு அதிகம் என்று அது அடிக்கடி எச்சரித்தது.

"இத எனக்குச் சொல்றதுக்கு ஒரு போனா?" என்று அதை அழித்துவிட்டார்.

எந்த முறையிலும் தப்பில்லை. பிரிக்கிற அளவுக்குப் பணம்தான் இல்லை.

கடைசியாக, வாரத்தில் ஒரு நாள் காசே எடுக்காமல் இருக்கும் முறையைக் கேள்விப்பட்டார். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்.

"வெள்ளிக்கெழம நம்ம வூட்ல எப்படியும் காசு வெளிய குடுக்க மாட்டோம். அதோட இதையும் சேத்துகினா சுளுவாப் போச்சு. லட்சுமியும் நிப்பா, பாப்பா படிப்புக்கும் ஆச்சு" என்றார்.

அது ஒன்றுதான் நிலைத்தது. மகள் படிப்புக் கவர் மறுபடி கனத்தது. வெள்ளிதோறும் பால்கூட வாங்காமல் கடுங்காப்பிதான். நாங்கள் கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தறியில் இருக்கும்போது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. மாமா ஆட்டோ கூப்பிடப் போனார். அக்கா தடுத்துவிட்டார்.

"இன்னிக்கு வேணாங்க. ஆட்டோ, ஊசி, ஸ்கேன்னு காசு போய்கினே இருக்கும். வாய்வுதான் இது. நாளைக்குக் காலைல போலாம்."

மகள் எனக்குப் போன் செய்தாள். போளூரிலிருந்து நானும் கெஞ்சினேன்.

"இன்னாடி ஜல்தி உனக்கு? விடிஞ்சா சனிக்கெழம" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஏன் நேற்றே வரவில்லை என்று டாக்டர் கேட்டார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலூரிலிருந்து வந்த வண்டிக்கும், பூவுக்கும், பதினாறாம் நாள் காரியத்துக்கும் மகள் படிப்புக் கவரைத்தான் பிரித்தோம். எங்களிடம் வேறு கவர் இல்லை.

அன்று வாடகை வாங்காத ஆட்டோக்காரத் தம்பிக்கும், மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், மாமாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட தறிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கைகூப்புவதைத் தவிர எங்களால் திருப்பிச் செய்யக்கூடியது எதுவுமில்லை.

மகள் நர்சிங் சேரவில்லை. அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது அவள் உட்காருகிறாள். போன மாதம், தானே நெய்த முதல் புடவையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கி வந்தாள். பணத்தை என் முன்னால் வைத்து, "சித்தி, இத எப்படிப் பிரிச்சி வச்சா அடுத்த வருசமாச்சும் காலேஜ் சேரலாம்? நீங்க சொல்லுங்க, அப்படியே செய்றேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்த வழி எல்லாவற்றையும் அவள் அம்மா செய்து பார்த்துவிட்டார்.