அக்கா பிரித்துப் பார்த்த களிம்புப் பெட்டி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் அக்காவைப் பற்றி நான் மட்டுமே சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில். அப்பா காட்டுவேலை பார்த்துப் பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். அம்மாவோடு நாங்கள் இருவரும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினோம். பூச்சி அரிக்காமல் இருக்க, மைதாப் பசையில் அம்மா மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். காய்ந்த பிறகும் பசையில் லேசாக நீலம் தெரியும். விரலில் அந்த நீலத்தோடுதான் அக்கா பரீட்சை எழுதினார். விருதுநகரில் மருந்தாளுநர் படிப்பு முடித்து, ஊரிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தான் சீக்கிரமே தவறிய பின் எங்களோடுதான் இருந்தார்.

டாக்டர் சீட்டு கேட்டே மருந்து கொடுப்பார். தூக்க மாத்திரை கேட்டுவந்த சொந்த மாமாவையே திருப்பி அனுப்பினார். மாமா அந்தக் கோபத்தில் ஒரு தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. பேட்ச் நம்பரும் தேதியும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் எதையும் அலமாரியில் ஏற்ற மாட்டார்.

அப்படிப்பட்டவர் கடைக்கே போலி மருந்து வந்தது. தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு. பில்லும் நம்பரும் சரியாகவே இருந்தன. பட்டாசு வேலையில் கை வெந்த ஒரு பெண்ணுக்கு அக்கா அதைக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அந்தப் பெண் சீழ் பிடித்த கையோடு வந்து நின்றார். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அக்கா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஒட்டுப் பிரித்துப் பார்த்தார். மருந்துக் கம்பெனிப் பெட்டிகள் மெஷினில் ஒட்டியவையாக இருக்கும். இதில் உள்ளே நீலம் இருந்தது. அடி மடிப்பின் மூலையும் உள்ளே மடங்கியிருந்தது.

பட்டாசுப் பெட்டி கனம் தாங்கட்டும் என்று மூலையை மடக்கி ஒட்டுவது என் பழக்கம்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து வரும் அட்டைகளை, அம்மா காய்ச்சிய அதே மாதிரிப் பசையால் வீட்டில் பெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பிரித்த பெட்டியை என் முன்னால் வைத்தார்.

“தம்பி, இது ஓன் கையா?”

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். களிம்புப் பெட்டி என்று தெரியும், கம்பெனிக்காரர்களே கொடுத்த ஆர்டர் என்று நினைத்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். கடை முதலாளியோ சரக்கை ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னாராம். திருப்பிக் கொடுத்தால் அவன் அடுத்த ஊரில் விற்பான் என்று அக்கா மறுத்துவிட்டார். மருந்து ஆய்வாளரிடம் போவோம், நீயும் வா என்றார். அந்த அச்சகத்தை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

“எம் பேரு மட்டும் வேண்டாம்க்கா” என்றேன்.

“நீ தெரியாம ஒட்டுன, நான் தெரியாம வித்தேன். அதுக்கு என்னலே செய்ய? இனிமே வாயை மூடிக்கிட்டு இருந்தோம்னா தெரிஞ்சு செஞ்சதாயிரும். அந்தப் பிள்ளை கையைப் பாத்தியா நீ?”

மறுநாள் விருதுநகருக்கு பஸ் ஏறினோம். ஆய்வாளர் முன்னால் அக்கா முதலில் சொன்னது, “இதை வித்தது நான்தான் சார்.” தன் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார். அதன் பிறகு நான் பேசினேன். சத்தமாகச் சொல்லுங்கள் என்று ஆய்வாளர் இரண்டு முறை கேட்டார். கடைக்கு வந்து களிம்பை மாதிரி எடுத்து, சீல் வைத்து, சோதனைக்கு அனுப்பினார். அதில் மருந்தே இல்லை என்று முடிவு வந்தது. அச்சகத்தின் மேல் வழக்குப் பதிவாயிற்று.

முடிவு வரும்வரை அக்கா காத்திருக்கவில்லை. பில் புத்தகத்தில் இருந்த பெயர்களைப் பார்த்து, வீடு வீடாகப் போய் களிம்பைத் திருப்பி வாங்கினார். பை தூக்கியது நான். ஒரு வீட்டில் கேட்டார்கள்: “என்ன தாயி, குடுத்ததைத் திருப்பிக் கேக்கீக? நாங்க என்ன மொய்யா வாங்குனோம்?” அக்கா சிரித்துவிட்டு, தான் கொடுத்தது போலி என்று அங்கேயும் சொன்னார்.

அக்காவுக்கு வேலை போயிற்று. எனக்கும் போயிற்று. எங்கள் தெருவில் அந்த அச்சகத்துக்கு ஒட்டிய சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. சில மாதம் கழித்து சாத்தூரில் ஒரு கடைக்காரர், இப்படி ஒருவர்தான் வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார். நோயில் படுக்கும்வரை அங்கேதான் இருந்தார். கடைசி நாட்களில் நான் வாங்கிவந்த மாத்திரையையும் பில்லோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் வாயில் போட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கை வெந்த அந்தப் பெண்தான் கடைசி மாதம் தினமும் வந்து அக்காவுக்குத் தலைவாரி விட்டார். தழும்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மலரின் அட்டைகளை நானே கையால் ஒட்டினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே நீலம் இருக்கும், மூலை மடங்கியிருக்கும். அக்கா கேட்டால், என் கைதான் என்று இந்த முறை உடனே சொல்வேன்.