பீலிக்கு மேலே ஒரு கக்கூசு

மதியம் சாப்பிட்ட பிறகு இராசாத்தி தண்ணீர் குடிப்பதில்லை. பதிமூன்று வயதில் அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் அது. குடித்தால் அந்தி சாயும் நேரத்தில் முட்டும். முட்டினால் வாட்டில் மரக் காட்டுக்குள் ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே காட்டுமாடு மேயும்.

1979ஆம் ஆண்டு. கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகும் வழியில், சாலைக்குக் கீழே சரிவில் பதினோரு தகரக் குடிசைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களை வாட்டில் மரப்பட்டை உரிக்கக் கூட்டிவந்த காண்டிராக்டர் போட்டுக் கொடுத்தவை. அவர்கள் அதை லயம் என்றார்கள். தோட்டத்தில் வரிசை வீடுகளுக்கு அதுதான் பெயர். அங்கே ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூசு இருந்தது. கதவு பாதிதான், கொண்டியும் கிடையாது, உள்ளே இருப்பவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு வயதில் கப்பலேறிய இராசாத்திக்கு அந்தப் பாதிக் கதவு நன்றாக நினைவிருந்தது. இங்கே அந்தப் பாதியும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவள் அம்மா சிவபாக்கியம் காட்டிலிருந்து ஓடிவந்து சேற்றில் விழுந்தாள். முழங்கை பிசகிவிட்டது. பின்னால் புதரில் காட்டுமாடு மூச்சுவிட்டதாம்.

"மாடுதானா, இல்ல மூக்கையா கொறட்டையா?" என்றாள் பக்கத்துக் குடிசை ஞானம்மா. மூக்கையா அவள் புருஷன்.

"சிரிக்காத அக்கா. நாளைக்கு நீதான் ஓடப்போற."

அன்றே பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு மனு எழுதுவதென்று முடிவாயிற்று. லயத்தில் பள்ளிக்கூடம் போகிறவள் இராசாத்தி மட்டும்தான். பெண்கள் சுற்றி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதினாள்:

'எங்கள் லயத்தில் பதினோரு வீட்டுக்கும் ஒரே ஒரு பீலிதான் இருக்கிறது. ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் அதற்குத்தான் போகிறோம். மழையில் அங்கே சேறும் நாற்றமும். கால் வைக்க முடியவில்லை. பீலியைச் சிமெண்டு போட்டுத் தர வேண்டும். பெண்களுக்கு ஒரு கக்கூசும் கட்டித் தர வேண்டும்.'

ஊற்று நீரைப் பிளந்த மூங்கிலில் வாங்கி விழச் செய்கிற இடம்தான் பீலி. குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாம் அங்கேதான். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே யாரும் விளக்கம் எழுதச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓவர்சியர் திருமலைச்சாமி வந்தார். வத்தலக்குண்டுக்காரர், மலைக்கு மாற்றலாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் பட்டை உரிக்கப் போயிருந்தார்கள். காலில் கோடாலி பட்டுக் கட்டுப்போட்டிருந்த மூக்கையா மட்டும் இருந்தார்.

"எங்கய்யா அந்தப் பீலி?"

"அந்தா, உண்ணிப் புதருக்குப் பின்னாலங்க. கீழ எறங்கி வாங்க, காட்டுறேன்."

"வேண்டாம், வேண்டாம்." ஓவர்சியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "அட்டை வேற கெடக்கும். எத்தனை பேரு போறீக?"

"எல்லாரும்தானுங்க. வெள்ளனே வரிசை நிக்கும். கொழந்தைகளையும் அங்கனதான் கழுவுறது."

"அடப்பாவமே! சரி, அதுக்கு ஒட்டுனாப்புல மேட்டுல கட்டிருவோம். புதுசு வந்ததும் பழசை மூடிருங்க."

பழைய மூங்கிலைத்தான் மூடச் சொல்கிறார் என்று மூக்கையா கையெடுத்துக் கும்பிட்டார்.

கல்லும் மணலும் வந்தன. பீலிக்கு மேலே பத்தடியில் குழி வெட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி என்று லயமே சந்தோஷப்பட்டது. நான்கு பக்கமும் சுவர் எழுந்தபோது, பெண்கள் மறைவாகக் குளிக்க என்று நினைத்தார்கள். ஞானம்மா கொத்தனாருக்குக் கருப்பட்டிக் காப்பிகூடக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் வைக்கோல் சுற்றிய பீங்கான் கோப்பையைக் கொத்தனார் தோளில் தூக்கி வந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

"ஐயா, இங்கயா? இதுக்குக் கீழதான குடிதண்ணி!" என்றாள் ஞானம்மா.

"நானும் பார்த்தேன். கழுவத் தண்ணி கிட்டக்கவே இருக்குன்னு நெனச்சேன்," என்றார் கொத்தனார். "எனக்குக் காட்டின எடம் இதுதாம்மா."

மறுநாள் கூலியை விட்டுவிட்டுச் சிவபாக்கியமும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இராசாத்தியும் யூனியன் ஆபீசுக்குப் போனார்கள். ஓவர்சியர் மனுவைத் தேடி எடுத்தார்.

"பீலின்னா என்னம்மா?"

"தண்ணி வுழுகிற எடங்க."

"அதுக்குப் பேரு பீலியா? பேரைக் கேட்டாலே கை கழுவத் தோணுது!" பக்கத்து மேசைகளில் சிரிப்பு. "தண்ணின்னு எழுத வேண்டியதுதான? 'எல்லோரும் அதற்குத்தான் போகிறோம்', 'சேறும் நாற்றமும்'. இதைப் படிச்சா எவனுக்கு என்ன தோணும்? யாரு எழுதுனது?"

"நான்தான் சார்," என்றாள் இராசாத்தி.

"சிலோன்ல அப்படித்தாங்க சொல்லுவோம்," என்றாள் அம்மா.

"இது சிலோன் இல்லம்மா. பில்லு போயிருச்சு. இனி இடிச்சுக் கட்டுற சோலியெல்லாம் நடக்காது."

இராசாத்தி அடுத்த மனுவில் பீலி என்ற சொல்லையே எழுதவில்லை. பதில் ஒரே வரியில் வந்தது: தங்கள் குடியிருப்புக்கு ஏற்கெனவே கழிப்பிடம் கட்டித் தரப்பட்டுள்ளது.

புதுக் கக்கூசுக்கு இரும்புக் கதவு, உள்தாழ்ப்பாள், பச்சைப் பெயிண்டு. பெண்கள் வெளியில் பூட்டுப் போட்டார்கள். திறந்தால் தண்ணீர் கெடும். தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் இராசாத்தி காட்டுக்குள் போனாள். "நம்ம கலெக்டரம்மா எழுதி வாங்குன மாளிகை," என்பாள் ஞானம்மா. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமலே சொன்னார்கள். இராசாத்திக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

மாசி மாதம் இன்னொரு காலை காட்டுமாடு குறுக்கே வந்தது. இராசாத்தி ஓடவில்லை. நேராகக் குடிசைக்கு வந்து பூட்டுச் சாவியைக் கேட்டாள்.

"தண்ணி கெட்டுரும் புள்ள," என்றாள் சிவபாக்கியம்.

"கக்கூசை நகத்த முடியாது. பீலியை நகத்தலாம்ல? அது வெறும் மூங்கில்தான!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கக்கூசுக்கு மேலே, சாலையையும் தாண்டிய மேட்டில் இன்னொரு ஊற்று உண்டு. குடம் சுமந்து ஏறி இறங்க முக்கால் மணி நேரம்.

"தெனமுமா?" என்றாள் ஞானம்மா.

"தெனமும்தான்."

வாதம் நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் மூக்கையா புது மூங்கில் பிளந்தார். ஞாயிற்றுக்கிழமை மேல் ஊற்றில் பீலி வைத்தார்கள். கீழே இருந்ததைக் கல் போட்டு மூடினார்கள்.

முதலில் போக இராசாத்தியை விட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். முழுக் கதவு. பாட வேண்டியதில்லை. மூச்சைக்கூட நிதானமாக விட்டிருக்கமாட்டாள், வெளியிலிருந்து ஞானம்மா தட்டியதில் இரும்புக் கதவு அதிர்ந்தது.

"வெரசா வாடி! பத்து வீடு நிக்குது. தண்ணிக்கு வேற மேட்டுக்கு ஏறணும்!"

"இப்பத்தான வந்தேன்!" என்று உள்ளிருந்து கத்தினாள் இராசாத்தி.