பொன்னாயிக்கு முகம் சுண்டிய கதை

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் பொன்னாயியைப் போல வேகமாகச் சாமை அறுக்கிறவள் கிடையாது. அவளைப் போல வாயடிக்கிறவளும் கிடையாது. அதனாலோ என்னவோ, அவள் வயதுச் சோட்டுப் பெண்களுக்கெல்லாம் கலியாணமாகியும், பதினெட்டு வயதுவரை அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாப்பாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வளப்பூர் நாட்டுல இருந்து அப்பனும் மகனும் வாராங்கடி. உங்க ஊட்டத்தான் கேக்கறாங்க. பையன் வாட்டசாட்டமா இருக்கான்!"

பொன்னாயி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினாள். பண்டிகைக்கு வாங்கி வைத்திருந்த சேலையைக் கட்டினாள். தட்டில் பலாச்சுளைகளை அடுக்கி, மேலே தேனை ஊற்றினாள். வாசலில் நடந்த பேச்சு சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"குணம் எப்படிங்க?" என்றார் வந்த பெரியவர்.

"தங்கமுங்க," என்றார் அவள் அப்பா கருப்பண்ணன். "புது ஆளு கிட்ட வந்தா மட்டும் கொஞ்சம் மொறைக்கும்."

பொன்னாயிக்குச் சுருக்கென்றது.

"வேலை செய்யுமுங்களா?"

"காட்டுல எறக்குனா பொழுதுக்கும் சளைக்காதுங்க."

மகளைப் பற்றி அப்பா இப்படிப் பெருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்து நின்றாள்.

பெரியவர் துண்டை உதறி எழுந்தார். "எதுக்குக் கண்ணு இத்தனை சிரமம்? காளையைப் பாத்துட்டு ஒடனே கெளம்போணும். எங்க கட்டியிருக்குது?"

பொன்னாயியின் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. புதுச் சேலை, எண்ணெய் வழியும் தலை, கையில் தட்டு. அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலிப்பக்கம் பாப்பாயி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உள்ளே ஓடிவிடலாமா என்று பொன்னாயி நினைத்தாள். ஓடினால் ஊரே ஒரு மாதத்துக்குப் பேசும். தட்டைக் கீழே வைத்தாள்.

"கொட்டாயில கட்டியிருக்குதுங்க. பல்லெல்லாம் நல்லா இருக்குது. பழத்தைத் தின்னுட்டு வந்து பாருங்க. நான் சொன்னா மொறைக்காது."

மகன் செல்லமுத்து வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அப்பனும் மகனும் விலை பேசிக் காளையை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதமே செல்லமுத்து தனியாக வந்து நின்றான்.

"என்னுங்க மாப்ள, காளை எதாச்சும் தொந்தரவு பண்ணுதா?" என்றார் கருப்பண்ணன்.

"இல்லீங்க மாமா. இந்தத் தடவை வந்தது காளைக்கு இல்லீங்க."

அறுப்பு முடிந்ததும் கலியாணம் நடந்தது. பொன்னாயிக்கு நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். வளப்பூர் நாட்டிலும் அவள் வாய் ஓயவில்லை.

அவளுக்கு நாற்பது தாண்டியபோது, ராசிபுரம் பக்கத்திலிருந்து அப்பாசாமி வாத்தியார் மலையேறி வந்தார். மலைக்காரர்களின் சொற்களை நோட்டில் எழுதுவது அவர் ஆசை. யாரைக் கேட்டாலும் பொன்னாயி வீட்டுக்கே வழி காட்டினார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவள் தட்டில் களி போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"மொகம் சுண்டுதுன்னு சொல்றீங்களே, அது வெக்கமா, வருத்தமாங்க?"

"ரெண்டும் கலந்ததுங்க. ஆசையா ஒண்ணை நெனைச்சு முன்னால போய் நிக்கோணும். அது நமக்கு இல்லீன்னு ஆகோணும். அதை நாலு பேரு பாக்கோணும். அப்பத்தான் சுண்டும்."

"மழை இல்லாம வெள்ளாமை போச்சுன்னா?"

"அது துக்கமுங்க. அதுக்குப் போயி இந்தச் சொல்லைச் சொல்லுவாங்களா?"

வாத்தியார் வேகமாக எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "நீங்க சொன்னது நாளைக்குப் புத்தகத்துல வருமுங்க!" என்று பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"வரட்டுமுங்க," என்றாள் பொன்னாயி. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

வாத்தியார் பென்சிலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். சுண்டிய அந்த முகத்தைப் பொன்னாயி பார்த்தாள். இன்னும் ரெண்டு கவளம் களியை அவர் தட்டில் போட்டாள்.