இஞ்சித் தண்ணீரும் ஸ்டீல் பானையும்

ஈரச் சாக்கு சுற்றிய ஒரு தண்ணீர் கேன். இருபது லிட்டர், கடையில் காலியாகக் கிடைக்குமே, அதுதான். ஜேடர்பாளையத்தில் என் தங்கை வீட்டுக் குளியலறைக்கு வெளியே, தண்ணீர் நிரப்பிய அகலமான அலுமினிய அன்னக்கூடைக்குள் அது உட்கார்ந்திருந்தது. மூடியில் ஓட்டை போட்டு ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டிருந்தார் தங்கையின் வீட்டுக்காரர். டம்ளரில் குமிழி ஒவ்வொன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தது. இதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் பட்டது கொஞ்சமில்லை.

அந்த மாப்பிள்ளை ஆப்பிரிக்காவில் போர்வெல் ரிக் வண்டியில் துளை போடும் டிரில்லர். அங்கே ரிக் நின்ற ஊர்களில் இஞ்சியைப் புளிக்கவைத்து, சோடா மாதிரி நுரைக்கிற தண்ணீர் செய்து விற்பார்களாம். பக்குவத்தைக் கற்றுக்கொண்டு, எட்டு மாத விடுப்பில் வந்தபோது இங்கே செய்து பார்த்தார். துருவிய இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரில் சேர்த்து நான்கு நாள் வைத்தால் நுரைக்கும். அதுதான் உறை. இஞ்சியும் வெல்லமும் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில் அதை ஊற்ற வேண்டும். இரண்டாம் நாள் பாட்டிலில் அடைத்துக் குளிரில் வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் போதை ஏறும், பிறகு போலீஸ் வரும். ஒரு டம்ளர் குடித்தேன். மூக்கு வரை ஏறியது. நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது வேலை போயிருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவன். சர்க்கரை நோய் வலது கண்ணைக் கெடுத்தது, முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தைப் பார்ப்பது எனக்கு ஆகவில்லை. இந்த இஞ்சித் தண்ணீரைச் செய்து நெடுஞ்சாலை ஓட்டல்களுக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். தண்ணீர் கேனில் செய்ய மனம் வரவில்லை. தொழில் என்றால் தொழில் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரன் இரட்டைச் சுவர் ஸ்டீல் பானை காட்டினான். சுவருக்கு நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடுமாம். வெப்பமானி, அழுத்தம் காட்டும் முள், உள்ளே பார்க்கக் கண்ணாடி. முதலாளி கொடுத்ததில் முக்கால்வாசியை அதில் கொட்டினேன். கொட்டுகிறோம் என்று தெரிந்தேதான் கொட்டினேன்.

முதல் முறை ஊற்றி வைத்த மறுநாள் காலை, பானை மூடியிலிருந்து 'உஸ்' என்று காற்றுக் கசிந்தது. லாரிக்காரன் காதுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. ஏர் லீக் என்றால் பிரேக் இல்லை என்று பொருள். மூளை யோசிப்பதற்குள் கை வேலையைப் பார்த்துவிட்டது. மூடியின் ரப்பர் வளையத்தைச் சுற்றி கிரீஸ் தடவி, மூடி மேலிருந்த சின்ன வால்வு உட்பட போல்ட்டையெல்லாம் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். சத்தம் நின்றது. எனக்குப் பெருமை. அது கசிவே இல்லை, அதிகப்படி காற்று வெளியேற வைத்த வழி என்று பிறகுதான் தெரிந்தது. பானை வெடிக்காதது என் அதிர்ஷ்டம். இறுக்கியதில் கிரீஸ் பிதுங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. முப்பது வருடம் டீசல் மோந்த மூக்குக்கு அது எங்கே தெரியும்? இருபது பாட்டிலைப் புதுச்சத்திரம் பக்கத்து ஓட்டலுக்குக் கொண்டுபோனேன்.

ஓட்டல்காரர் ஒரு வாய் குடித்தார். போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க டிரைவரே, இது இஞ்சித் தண்ணியா, கியர் ஆயிலா? இதை ஊத்துனா லாரியே ஓடுமாட்ட இருக்குது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேர் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த டிரைவர்கள். வீட்டுக்கு வந்து, பானையைப் பழைய இரும்புக் கடையில் போடப்போவதாக மாப்பிள்ளைக்குப் போன் செய்து கத்தினேன். உன் ஊர்ப் பழக்கத்தால்தான் நாசமானேன் என்றும் சொன்னேன். அவருக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர் இல்லை. கோபத்தில் அதெல்லாம் யார் பார்த்தார்கள்?

அவர் மறுநாளே மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரப்பர் வளையத்தை விரலால் தொட்டு மோந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"பானை என்னங் மச்சான் பண்ணும்? நீங்க அதுக்கு லாரி சர்வீஸ் பண்ணியிருக்கறீங்க."

"வாயை மூடு மாப்ள. உன் கேனே பெருசுன்னு சொல்ல வந்தியா?"

"அதையும்தான் பார்த்துருவோமுங்க. ஒரே இஞ்சி, ஒரே வெல்லம். பாதி உங்க பானையில, பாதி என் கேனுல."

ரப்பர் வளையத்தைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினோம், வால்வைத் தளர்த்தினோம். பானையைச் சுடுதண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினார், கேனையும் அப்படியே. அது மாசி மாதம், வெயில் இன்னும் தலைக்கு ஏறவில்லை. இரண்டாம் நாள் அடைத்து, பானையில் செய்த பாட்டில்களின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டினோம். ஓட்டல்காரர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அது மரியாதைக் கும்பிடு அல்ல. மாப்பிள்ளை விடவில்லை. முதலில் தான் ஒரு டம்ளர் குடித்துக் காட்டிவிட்டு அவரிடம் நீட்டினார். அவர் இரண்டையும் குடித்தார். திரும்பவும் குடித்தார். அவர் வேண்டாம் என்றால், அந்தச் சாலையில் வேறு எவரிடமும் போய் நிற்க எனக்கு முகமில்லை.

"எது ஒசத்தின்னு தெரியலீங்க. ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. சனிக்கிழமைக்கு முப்பது பாட்டில் போடுங்க."

ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியோடு எரிச்சலும் வந்தது. அவ்வளவு விலை கொடுத்த பானையும் ஓசிக் கேனும் ஒன்றா? திரும்பும் வழியில் மாப்பிள்ளை வேறு, "பானைக் காசுக்குக் கேனா வாங்கியிருந்தா, ஊருக்கே ஊட்டுக்கு ஒண்ணு குடுத்திருக்கலாமுங்க" என்றார். மொபெட்டிலிருந்து இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சித்திரை பிறந்ததும் கேன் தோற்றது. எத்தனை சாக்கு நனைத்துப் போட்டும் சூடு தாங்காமல் புளித்து நாறியது. பானையில் போட்டது மட்டும் கெடாமல் நின்றது. வருடத்தில் அந்த மூன்று மாதத்துக்குப் பானை தன் விலைக்கு உழைக்கிறது. மீதி ஒன்பது மாதமும் அது சும்மா பளபளக்கிறது. யாராவது யோசனை கேட்டால், கேனில் ஆரம்பி என்கிறேன். காசை நல்ல வெப்பமானிக்கும் தடித்த பாட்டிலுக்கும் செலவு செய். பாட்டிலில் மிச்சம் பிடித்ததில், ஒன்று வெடித்து என் கையில் நாலு தையல். வியாபாரம் காலூன்றிய பிறகு, மூன்று மாத வெயிலுக்காகப் பானை வாங்கு. நான் தலைகீழாகச் செய்தேன்.

மாப்பிள்ளை ஆடி மாதம் மறுபடி ரிக்குக்குப் போய்விட்டார். இப்போது ஆறு ஓட்டலுக்குப் போடுகிறேன். மனைவி பாட்டில் அடைக்கிறாள். போன வாரம் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரசர் சத்தம். எப்போதும் கேலியோடு ஆரம்பிக்கிறவர், அன்றைக்குத் தயங்கினார்.

"மச்சான், இந்த ஒப்பந்தம் முடிஞ்சா நான் ஊருக்கே வந்தரலாம்னு பார்க்கறேனுங்க. உங்க தொழில் ரெண்டு குடும்பத்துக்குத் தாங்குமுங்களா?"

தாங்குமா என்று எனக்குத் தெரியாது. ஓட்டல்களின் பெயரை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கரூர் ரோட்டு ஓட்டல்களில் இன்னும் நான் கால் வைக்கவே இல்லை.

"வா மாப்ள," என்றேன். "கேன் கழுவ ஆள் பத்தலை."